நாலாவது கேள்விக்கான பதில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி வெட்டும் மேஜையைத் துடைத்து, வெட்டுத்துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, லாண்டரி ஆபீசிலிருந்து வந்த ஃபாரத்தை நடுவில் விரித்தாள் தையலக்கா. ஃபேன் காற்றுக்குப் பறக்காமலிருக்க ஒரு மூலையில் கத்தரிக்கோலையும் இன்னொரு மூலையில் பித்தான் டப்பாவையும் வைத்தாள். எதிரே அவள் புருஷன் முக்காலி போட்டு உட்கார்ந்து அவளுடைய தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வாரத்தில் ஆறு நாள் லாண்டரியில் இருக்கும் பதினேழு மெஷின்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர் அவர். ஏழாவது நாள் வீட்டில் இருக்கும் ஒற்றை மெஷினைத் தொடாவிட்டால் அவருக்குக் கை ஊறும்.

ஃபாரத்தில் நாலே கேள்விகள், எல்லாம் இங்கிலீஷில். முதல் மூன்றும் சுலபம். பெயர், வேலை, விபத்து நடந்தபோது எங்கே இருந்தீர்கள். அவர் பெயர், மெக்கானிக், லீவு. அவள் மடமடவென்று எழுதினாள். நாலாவது கேள்விக்குக் கீழேதான் நிறையக் கோடு போட்டிருந்தது. இந்த விபத்தை எப்படித் தவிர்த்திருக்க முடியும் என்று கருதுகிறீர்கள்?

அவள் கேள்வியைத் தமிழில் சொன்னாள். அவர் எண்ணெய்க் குடுவையைக் கீழே வைத்தார். விபத்து நடந்தது இரண்டு வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. லாண்டரியில் பெரிய இஸ்திரி என்று ஒரு மெஷின் உண்டு. ஈரப் படுக்கைவிரிப்பை ஒரு பக்கம் விட்டால், சூடான உருளைகளுக்கு நடுவே போய் மறுபக்கம் மொடமொடவென்று வரும். அதில் விரிப்பு விட்டுக்கொண்டிருந்த, எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிறவரின் வலது கை உள்ளே போய்விட்டது. யாரோ ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தியதால் கை தப்பியது. தப்பியது என்று சொல்கிறோம், ஆனால் நாலு விரலில் இரண்டு இனிமேல் மடங்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. நெட்டையும் மெக்கானிக்கும் பதினொரு வருஷமாக ஒரே மேஜையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கிறவர்கள்.

"என்னத்தச் சொல்றது," என்றார் அவர், மெஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டே. "நான் மட்டும் அன்னிக்கு அங்க இருந்திருந்தா அவனுக்கு இப்படி ஆகியிருக்காது. அவ்வளவுதான்."

துக்க வீட்டில் உட்கார்ந்து யாரும் சொல்கிற வார்த்தைதான் அது. ஆனால் தையலக்காவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அவளுக்கு முகமே மலர்ந்துவிட்டது. ஏனென்றால் அந்த வாரம் அவளுக்குப் பாடமே அதுதான்.

அவள் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சேர்ந்ததற்குக் காரணம் ஒரு கால்சட்டை. வாடிக்கைக்காரர் ஒருவர் துணியில் இங்கிலீஷில் சீட்டு எழுதிக் குத்திவிட்டுப் போனார். இரண்டு அங்குலம் இறக்கு என்று எழுதியிருந்ததை இரண்டு அங்குலம் குறை என்று படித்துக் கத்தரித்துவிட்டாள். அந்த மனுஷர் அந்தக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்ற கோலம் இன்னும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. மறுநாளே பேக்கரிக்கு மேல்மாடியில் நடக்கிற மாலை வகுப்பில் பேர் கொடுத்தாள். வாத்தியார் அவளைவிட இருபது வயது சின்னவர். பகலில் மருந்துக்கடையில் நிற்பார், சாயங்காலம் பாடம் நடத்துவார். மாத்திரை கொடுக்கிற மாதிரியே பாடமும் கொடுப்பார், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று.

"நடந்ததைச் சொல்லப் பழகிட்டீங்க," என்றார் அந்த வாரம். "இனிமே நடக்காம போனதைச் சொல்லப் போறோம். இப்படிச் செஞ்சிருந்தா அப்படி ஆகியிருக்கும். கண்டிப்பா ஆகியிருக்கும்னா வுட் ஹேவ். முடிஞ்சிருக்கும்னா குட் ஹேவ். ஒருவேளைன்னா மைட் ஹேவ். செஞ்சிருக்கணும், ஆனா செய்யலையேன்னா ஷுட் ஹேவ். பயப்படாதீங்க. நம்ம வாயில தினம் இருக்கறதுதான்."

பின்வரிசையில் இருந்த டாக்ஸி டிரைவர் எழுந்து, "சார், எங்க வீட்டம்மா இந்த நாலுல முதல் மூணையும் உபயோகிச்சதே இல்ல. எல்லாம் ஷுட் ஹேவ்தான்," என்றார். வகுப்பே சிரித்தது. தையலக்கா மட்டும் சிரிப்போடு சிரிப்பாக நோட்டில் பதினாறு வாக்கியம் எழுதிவிட்டாள். பதினாறுக்கும் டிக்.

அதனால் புருஷன் வாயிலிருந்து அந்த வாக்கியம் விழுந்தபோது, தைக்கத் தெரிந்தவள் கையில் நல்ல துணி கிடைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. முதலில் நோட்டில் எழுதிப் பார்த்தாள். நான் அங்கே இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இருந்திருந்தாலுக்கு ஹேட் பீன், நடந்திருக்காதுக்கு வுட் நாட் ஹேவ். ஒரு தையல்கூட விட்டுப்போகவில்லை. பிறகு ஃபாரத்தில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிய, நீல மையில் எழுதினாள். கீழே இன்னும் ஏழு கோடு காலியாக இருந்தது. நல்ல வாக்கியம் ஒன்று போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

"படிச்சுக் காட்டறேன் கேளுங்க," என்று படித்தாள்.

"எனக்கென்ன புரியுது? பெரிய ஆபீசர் பேசற மாதிரி இருக்கு, டீச்சரம்மா," என்றார் அவர். துணியில் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு விரல் எண்ணெய் ஃபாரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

புதன்கிழமை மத்தியானம் லாண்டரி ஆபீஸ் கிளார்க் அவள் கடைக்கு வந்தான். கக்கத்தில் ஒரு கால்சட்டை. நீளம் குறைக்க வேண்டும் என்றான். அவள் நாடாவை எடுத்ததும், யாரும் வருகிறார்களா என்று தெருவை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அக்கா, அண்ணனோட ஃபாரம் நீங்க எழுதினதுதானே?" என்று கேட்டான்.

"ஆமா. ஏன், தப்பா இருக்கா?"

"தப்பு இருந்திருந்தாத்தான் நல்லாருந்திருக்கும்."

அவளுக்குப் புரியவில்லை. நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றாள்.

கிளார்க் நல்ல பையன். ஆள் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வருவான். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார் என்றான். கம்பெனி தன் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பது, நெட்டை வேலை நேரத்தில் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டு கையைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்பது. மெஷின் சரியாகத்தான் இருந்தது என்பது. அப்படி இருக்கும்போது மெக்கானிக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார், நான் இருந்திருந்தால் நடந்திருக்காது, கண்டிப்பாக நடந்திருக்காது என்று. அப்படியென்றால் மெஷினில் ஏதோ கோளாறு இருந்தது, அது அவருக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லாமல் லீவு போட்டுவிட்டார் என்றுதானே ஆகிறது?

"மேனேஜர் நேத்து அதை மூணு தரம் படிச்சார்க்கா. மெஷின்ல கோளாறுன்னு ஆகிப்போனா, அதை மறைச்சது மெக்கானிக்தான்னு அண்ணன் தலையிலயே கட்டிடுவாங்க. வேலை போறது மட்டுமில்ல."

"ஐயோ, அது துக்கத்துல சொன்னதுப்பா!"

"துக்கத்துக்கு ஃபாரத்துல இடம் இல்லக்கா."

இப்போதுகூட ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்றான் அவன். புது ஃபாரம் ஒன்று கொண்டுவந்திருந்தான். அந்த ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். நடந்திருக்காது என்பதை ஒருவேளை நடக்காமல் இருந்திருக்கலாம் என்று ஆக்கிவிட்டால், அது வெறும் அனுதாபம். யாரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க முடியாது. மேனேஜரே சொல்லித்தான் அனுப்பினாரோ என்னவோ, அதை அவன் சொல்லவில்லை. "அண்ணனுக்கும் நல்லது. ஆபீசுக்கும் நல்லது."

"நெட்டைக்கு?"

கிளார்க் கால்சட்டையின் ஓரத்தை மடித்து, மடித்த இடத்தை விரலால் நீவினான். "ஒரு இஞ்ச் குறைச்சாப் போதும்க்கா," என்றான்.

அன்று மாலை வகுப்புக்கு அரை மணி முன்னாலேயே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கீழேயிருந்து ரொட்டி வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது. வாத்தியார் மருந்துக்கடைச் சட்டையோடு ஏறி வந்தார். அவள் நோட்டைத் திறந்து அந்த வாக்கியத்தைக் காட்டினாள்.

அவர் படித்தார். "அருமையா இருக்கே. ஒரு குறை இல்ல. பரீட்சையில இதுக்கு முழு மார்க் போடுவேன்."

"மார்க் வேணாம் சார். இதுல கண்டிப்பான்னு இருக்கிற இடத்துல ஒருவேளைன்னு போட்டா தப்பாகுமா?"

"ஆகாது. ரெண்டும் சரிதான்."

"ரெண்டும் சரின்னா எது சரி?"

வாத்தியார் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. படியிலேயே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அது என்கிட்ட இல்லக்கா. என்ன நடந்ததுன்னு தெரிஞ்சவங்ககிட்டதான் இருக்கு," என்றார். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்பவர்களிடம் பேசுகிற அதே மெதுவான குரல்.

அவள் வகுப்பில் உட்காரவில்லை. வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் ஒரே நினைப்பு. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் லீவு போட்டது அவளுக்காக. நகரத்தின் மறு கோடியில் அவளுக்கு இங்கிலீஷ் வாய்மொழிப் பரீட்சை. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, வாசலில் நின்றால் போதும் என்று கெஞ்சினாள். வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு போடாத மனுஷர் சரி என்றார். முக்கால் மணி நேரம் வாசலில் நின்று வேர்க்கடலை தின்றார். அவள் வெளியே வந்து, பரீட்சை எடுத்த அம்மாள் எப்படி மூக்கைச் சுருக்கினாள் என்று நடித்துக் காட்ட, ரெண்டு பேரும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பாதி வழியில்தான் போன் வந்தது. இந்தப் பதினைந்து நாளாக அவள் ஒரு வாக்கியத்தை மட்டும் நோட்டில் எழுதாமல் வைத்திருக்கிறாள். நான் கூப்பிடாமல் இருந்திருந்தால்.

அவர் வேலையிலிருந்து வந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கிரீஸ் போக ஒரு தரம், சோப்பு போக ஒரு தரம். அவள் துண்டை நீட்டியபடி கிளார்க் சொன்னதை எல்லாம் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு சும்மா மனசு கேக்காமத்தானே அப்படிச் சொன்னீங்க?"

அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள்தான் மூடினாள்.

"பெரிய இஸ்திரிக்கு முன்னால ஒரு கம்பி இருக்கும்," என்றார் அவர். "கை உள்ள போனா அந்தக் கம்பியில இடிக்கும். இடிச்ச உடனே மெஷின் நின்னுடணும். அதுக்குத்தான் அது."

"சரி."

"அதோட இடது பக்கத் தாங்கி தேஞ்சுபோச்சு. கம்பி ஒரு விரக்கடை கீழ தொங்குது. இடிச்சாலும் சுவிட்சு வரைக்கும் போய்ச் சேராது. அதனால நான் தினம் காலையில, ஷிப்ட்டு தொடங்கறதுக்கு முன்ன, சோப்புப் பவுடர் அட்டைப்பெட்டியிலேர்ந்து ஒரு துண்டு கிழிச்சு நாலா மடிச்சு அடியில வைப்பேன். கம்பி நேரா நிக்கும். சாயங்காலத்துக்குள்ள ஆவியில அட்டை ஊறி நைஞ்சு போயிடும். மறுநாள் வேற."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலையில் யாரும் அட்டை வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"சொல்லலியா யார்கிட்டயும்?"

"சொன்னேன். மேனேஜர்கிட்ட ரெண்டு தரம் சொன்னேன். புதுத் தாங்கி வரும், வரும்னார். வாயால சொன்னதோட சரி. ரிஜிஸ்டர்ல எழுதல."

"ஏன் எழுதல?"

அவர் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துடைத்த விரலையே மறுபடி துடைத்தார். "இங்கிலீஷ்ல எழுதணும். ஒவ்வொரு தரமும் அந்தக் கிளார்க் பையன்கிட்டப் போய், தம்பி கொஞ்சம் எழுதிக் கொடுன்னு நிக்கணும். என் வயசுக்கு அது பெரிய சங்கடம். அட்டை வைக்கிறது சுலபமா இருந்தது."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே. எட்டு மாசமாப் படிக்கிறேனே."

"கேட்டிருக்கலாம்."

வேறு யாராவது புருஷனாக இருந்தால் இந்த இடத்தில் கத்தியிருப்பார். இவருக்குக் கத்தத் தெரியாது. அந்தப் பதினைந்து நாள் வாக்கியம் அவள் வாயில் வந்துவிட்டது. "நான் அன்னிக்கு உங்களைக் கூப்பிடாம இருந்திருந்தா..."

"அதை மட்டும் ஆரம்பிக்காத," என்றார் அவர் சட்டென்று. "அப்புறம் உன்னைப் பொண்ணு பார்க்க வராம இருந்திருந்தான்னு அதுவரைக்கும் போகணும். எங்கம்மாவே அதைச் சொல்லி முடிச்சுட்டாங்க."

அழுகிற நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வாய் கோணியது, ஆனால் சிரிப்பாக ஆகவில்லை. தட்டில் போட்டதில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். புது ஃபாரம் வெட்டும் மேஜையில் காலியாகக் கிடந்தது. இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நெட்டையைப் பார்க்கப் போனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. இரண்டு அறை வீடு. மெக்கானிக் நுழைந்ததும் நெட்டை எழுந்திருக்கப் பார்த்தார். அவர் எழுந்தால் அந்த அறையில் மற்றவர்களுக்கு இடம் சின்னதாகிவிடும், அவ்வளவு உயரம். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தார், தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி. அவர் பெண்டாட்டி தரையில் உட்கார்ந்து உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாடா மெக்கானிக்கு. நான் இல்லாம சாப்பாட்டு மேஜையில நிம்மதியா இருக்கியா? ஊறுகாய் முழுக்க உனக்குத்தான்," என்றார் நெட்டை.

"திங்கவே பிடிக்கலடா."

"பொய் சொல்லாத. தொப்பை அப்படியே இருக்கு." சிரித்தார். பிறகு இடது கையால் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்தாங்க. நான் பேசிக்கிட்டே வேலை செஞ்சேனாம். யோசிச்சுப் பார்த்தா பேசிக்கிட்டுத்தான் இருந்தேன்டா. விரிப்பு மடிஞ்சு போச்சு, இழுத்து விடலாம்னு கையை நீட்டினேன். கம்பியில இடிச்ச ஞாபகம் இருக்கு. ஆனா மெஷின் நிக்கல. ஒருவேளை நான் சரியா இடிக்கலியோ என்னவோ. இவ தினம் சொல்றா, கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும்னு. இருந்திருக்கணும்தான். என் தப்புதான்."

தையலக்கா தன் புருஷனைப் பார்த்தாள். அவர் கட்டுப் போட்ட அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சரியாத்தான் இடிச்சிருக்க," என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தேய்ந்த தாங்கி, அட்டை, ரெண்டு வருஷம், மேனேஜர், எழுதாமல் விட்டது. நிதானமாக, நடுவில் நிறுத்தாமல், ஒரு மெஷினைக் கழற்றிப் பாகங்களை வரிசையாகத் தரையில் வைப்பது போல. நெட்டை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் பெண்டாட்டியின் கையில் ஒரு சின்ன சட்டை பாதி மடித்தபடி நின்றது.

"ரெண்டு வருஷமா," என்றாள் அவள்.

"ஆமாம்மா."

"தினம் காலையில நினைவு வெச்சு அட்டை வெச்சீங்க. இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல நினைவு வரல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மடிப்பை முடித்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் ஒரே ஒரு தம்ளர் தண்ணீர். அதைத் தையலக்காவிடம் கொடுத்தாள். மெக்கானிக் பக்கம் திரும்பவே இல்லை. தையலக்கா அந்தத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும்போது நெட்டைதான் பேசினார். "டேய். நாளைக்கு அவங்ககிட்ட இதைச் சொல்லுவியா?"

"வேலை போயிடும்டா."

"அது தெரியும். சொல்லுவியான்னு கேட்டேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். வார் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் குனிந்து அதை ஒரு தரம் சரிசெய்தார். படி இறங்கினார்.

தெருமுனை வரைக்கும் இருவரும் நடந்தார்கள். அங்கே ஒரு கடை வாசலில் நின்று, அவர் சொன்னார்: "வீட்டுக்குப் போனதும் எழுதலாம். இன்னும் வெளிச்சம் இருக்கு."

"அந்த ஒரு வார்த்தையை மாத்தணுமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் சொல்றதை எழுது. எல்லாத்தையும் எழுது."

வெட்டும் மேஜையில் கிளார்க் கொடுத்த புது ஃபாரத்தை விரித்தாள். அவர் முக்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னார். கம்பியின் இடது தாங்கி தேய்ந்துபோயிருந்தது. நான் தினமும் ஒரு அட்டையை மடித்து வைத்தேன். மேனேஜரிடம் இரண்டு தடவை சொன்னேன். ரிஜிஸ்டரில் எழுதவில்லை. என்னோடு வேலை செய்கிறவர்களிடம் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை நான் லீவில் இருந்தேன். அன்று அட்டை இல்லை.

அவள் எழுதிக்கொண்டே வந்தாள். பாதியில்தான் ஒன்று கவனித்தாள். இருந்திருந்தால் என்று ஒரு வாக்கியம்கூட வரவில்லை. வைத்தேன், சொன்னேன், எழுதவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால், முதல் மாதத்தில், வாத்தியார் மாத்திரை மாதிரிக் கொடுத்த பாடம். அதுவே போதுமாக இருந்தது. தேய்ந்த தாங்கிக்கு இங்கிலீஷில் என்ன சொல் என்று அவளுக்குத் தெரியவில்லை. கம்பியைத் தாங்குகிற இரும்பு என்று எழுதினாள். அட்டைக்குத் தெரிந்திருந்தது. கோடுகள் போதாமல் பின்பக்கத்துக்குத் திருப்பினாள்.

முடிவில், "முன்ன எழுதினது? நான் இருந்திருந்தான்னு?" என்று கேட்டார்.

"அதை எடுத்துடவா?"

அவர் யோசித்தார். "இருக்கட்டும். கடைசியில எழுது. அதுவும் உண்மைதானே."

எழுதினாள். போன ஞாயிற்றுக்கிழமை இதே வாக்கியத்தை எழுதியபோது இருந்த அந்தக் குஷி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எழுத்து மட்டும் அதே எழுத்து. அதில் இப்போதும் ஒரு தப்பும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. லாண்டரியின் மேல்தளத்தில், ஆபீஸ் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு போட்டிருந்தார்கள். கீழே மெஷின்கள் ஓடுகிற அதிர்வு அந்த பெஞ்சு வரைக்கும் ஏறி வந்தது. தையலக்கா கடைக்கு அரை நாள் பூட்டு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஃபாரத்தை வாங்கிப் போன கிளார்க், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்ததும் நின்றான். அவளைப் பார்த்தான். "அக்கா..." என்றான். பிறகு உள்ளே கொண்டுபோனான். கொஞ்ச நேரத்தில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போனார். கதவு மூடியது.

அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. நெட்டையின் பெண்டாட்டி. நெட்டையை வெளியே நடமாட டாக்டர் இன்னும் விடவில்லை, அவருக்குப் பதிலாக அவள் வந்திருந்தாள், ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு. பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். பையை மடியில் வைத்து அதன் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "அந்தப் பேப்பர்ல என்னதான் எழுதியிருக்கீங்க?"

"நடந்ததை."

"எல்லாமா?"

"உங்ககிட்ட சொன்ன எல்லாமும்."

அவள் திரும்பவில்லை. பையின் காதை முறுக்குவது மட்டும் நின்றது.

அறைக் கதவு தரையோடு ஒட்டாமல் நாலு விரல் உயரத்துக்கு இடைவெளி விட்டிருந்தது. உள்ளேயிருந்து குரல்கள் வந்தன, வார்த்தைகள் பிடிபடவில்லை. இங்கிலீஷில் ஒரு குரல், அதைத் தமிழில் சொல்கிற கிளார்க்கின் குரல். தையலக்கா பக்கவாட்டில் சாய்ந்து குனிந்து அந்த இடைவெளி வழியாகப் பார்த்தாள். மேஜைக் கால்கள் தெரிந்தன. பளபளவென்று இரண்டு ஜோடி பூட்ஸ். கிளார்க்கின் பழுப்புச் செருப்பு. இந்தப் பக்கம், நாற்காலிக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு, அவள் புருஷனின் கால்கள்.

உள்ளே ஒரு கேள்வி கேட்டார்கள். நீளமான கேள்வி. கிளார்க் அதைத் தமிழில் சொன்னான், பாதியில் தடுமாறி மறுபடி சொன்னான். அட்டை, மேனேஜர் என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் பிடிபட்டன. பிறகு கீழே ஓடுகிற மெஷின்களின் சத்தம் மட்டும் இருந்தது. பெஞ்சு கிரீச்சிட்டது. பக்கத்தில் ஒரு புடவை உரசியது. நெட்டையின் பெண்டாட்டி நடுவிலிருந்த இடத்துக்கு நகர்ந்து வந்து, அவளும் குனிந்தாள்.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கால்கள் பின்னலை விட்டன. ஒரு பாதம் தரையில் பதிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. குதிகால்கள் கொஞ்சம் எழும்பி, பிறகு முழுப் பாதமும் தரையில் ஊன்றியது. "எல்லாத்தையும் சொல்றேன்," என்றது அவர் குரல்.